மியூட்டினியைப் ‘படையெழுச்சி’ ஆக்காதீர்கள்

ஒரு மொழிபெயர்ப்பை மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1946 பிப்ரவரியில் பம்பாயில் இந்தியக் கடற்படை மாலுமிகள் செய்ததைப் பற்றிய பகுதி. அதில் மியூட்டினி (mutiny) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூன்றாவது முறையாக ‘படையெழுச்சி’ என்ற சொல் கண்ணில் பட்டது. முதல் இரண்டு முறை விட்டுவிட்டேன். இனி விட மனமில்லை.

மியூட்டினி பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அடியில் இருப்பது ‘அசை’ என்று பொருள்படும் லத்தீன் வினை. வேர்க்கதை அவ்வளவே. ஆணைக்குக் கட்டுப்பட்டவர்கள், குறிப்பாகப் படைவீரர்களும் கப்பல் ஆட்களும், ஒன்றுகூடி மேலதிகாரியை மீறுவதுதான் மியூட்டினி. இங்கிலாந்தில் 1689இல் இந்தக் குற்றத்தின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. ரத்தம் சிந்தியாக வேண்டும் என்பதில்லை. 1789இல் பவுண்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் பிளெட்சர் கிறிஸ்டியனும் கூட்டாளிகளும் தலைவர் வில்லியம் பிளையையும் அவரோடு 18 பேரையும் ஒரு படகில் இறக்கிவிட்டார்கள். அப்போது யாரும் கொல்லப்படவில்லை, ஆனாலும் அது மியூட்டினிதான். இதைக் ‘கலவரம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. கலவரம் கடைத்தெருவிலும் நடக்கும், அதற்கு மேலதிகாரி எதற்கு?

சரி, படையெழுச்சிக்கு வருவோம். ‘அப்ரைசிங்’ என்றால் எழுச்சி, முன்னால் ‘படை’ சேர்த்தால் ஆயிற்று என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அது வேறு பொருளில் ஏற்கெனவே தமிழில் இருக்கிற சொல். படை போருக்குப் புறப்படுவதுதான் படையெழுச்சி. திருவாசகத்தில் ‘திருப்படையெழுச்சி’ என்றே ஒரு பகுதி உண்டு. மாயப்படை வராதபடி பறை அறையச் சொல்லி, தொண்டர்களையும் பக்தர்களையும் அணிவகுக்க அழைக்கிறார் மாணிக்கவாசகர். தலைவனுக்காக எழுகிற படை அது. அந்தச் சொல்லைத் தலைவனை எதிர்க்கிற படைக்குச் சூட்டினால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. தூய தமிழ் என்று பெருமைப்பட்டு இப்படிச் செய்வதுதான் எனக்கு அதிக வருத்தம். தமிழ்மீது பற்று இருக்கிறவர், அந்தச் சொல் முன்பு எங்கே வாழ்ந்தது என்று ஒருமுறை பார்த்திருக்க வேண்டாமா?

‘கலகம்’ அவ்வளவு பெரிய பிழை இல்லை. பள்ளிப் பாடத்தில் ‘சிப்பாய்க் கலகம்’ என்று படித்து வளர்ந்தவர்கள்தான் நாம். ஆனால் நாரதர் கலகம் என்று சொல்கிற நாக்கில் அதற்கு வம்பு மூட்டுகிற வாடை வந்துவிட்டது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்களை நினைத்துப் பாருங்கள். புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்றெல்லாம் ஆணை. அதை எதிர்த்ததைக் கலகம் என்றால், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அவர்களை அடக்கிய பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியின் கண்ணால் பார்த்த மாதிரி ஆகிறது.

நான் எழுதுவது ‘படைக்கிளர்ச்சி’. கிளர்தல் என்பது அடியிலிருந்து பொங்கி மேலே வருவது. லத்தீன் வேரின் அசைவும் அதில் இருக்கிறது, கீழே இருப்பவர்கள் எழுகிறார்கள் என்பதும் இருக்கிறது. வெறும் கிளர்ச்சி போதாது. 1938 இந்தி எதிர்ப்பையும் அப்படித்தான் சொல்கிறோம், அதனால் ‘படை’ முன்னால் வேண்டும். பம்பாய்க்குக் ‘கடற்படைக் கிளர்ச்சி’, பவுண்டிக்கு ‘மாலுமிகள் கிளர்ச்சி’.

அப்புறம், இந்த ‘ராணுவப் புரட்சி’. தளபதி ஆட்சியைப் பிடித்தாலும் அதுதான், சிப்பாய் தளபதியை மீறினாலும் அதுதான். முன்னதற்கு ‘ஆட்சிக் கவிழ்ப்பு’ என்ற நல்ல சொல் கையிலேயே இருக்கிறது. மூலத்தில் இரண்டு வேறு சொற்கள் இருந்தும் மொழிபெயர்ப்பவர் நின்று யோசிப்பதில்லை. 1946இல் பம்பாயின் தல்வார் கடற்படைப் பயிற்சித் தளத்தில் மோசமான சாப்பாட்டைத் தொடமாட்டோம் என்று தட்டைத் தள்ளிய மாலுமியும், நாடாளுமன்றத்தைப் பூட்டிய ஜெனரலும் தமிழில் ஒரே பெயரோடு நிற்கிறார்கள்.