பழைய விளக்கு வாங்குகிறீர்களா? முதலில் எழுத்தைத் தேடுங்கள்

பழைய பூஜைச் சாமான்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். குத்துவிளக்கு, தூக்குவிளக்கு, பாவை விளக்கு, கைமணி, தூபக்கால் என்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தொடங்கி இன்ஸ்டாகிராம் கடைகள் வரைக்கும் எல்லாம் கிடைக்கிறது. பழைய உலோகப் பொருட்களைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் என்னிடம் வருகிறவர்கள் வாங்கி, பாலீஷ் போட்டு, கண்ணாடி மாதிரி மின்ன வைத்துவிட்டு, அப்புறம்தான் "இது எத்தனை வருஷத்துப் பழசு சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். அதைச் சொல்ல எனக்கு உதவியிருக்கக்கூடியதெல்லாம் பட்டறையின் பஃபிங் சக்கரத்திலேயே போயிருக்கும்.

பழைய விளக்கைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடுவது எழுத்தை. செட்டிநாட்டு வீட்டுச் சாமான்களில் குடும்பத்தின் விலாச எழுத்துகளை, அதாவது குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளை, புள்ளி புள்ளியாகக் கொத்தி வைத்திருப்பார்கள். சீராகக் கொடுத்த பாத்திரங்களில் பெண்ணின் பெயர் இருக்கும். கோயில் சாமானில் 'உபயம்' என்று போட்டுக் கொடுத்தவர் பெயர், ஊர், சில சமயம் சாமி பெயரும் இருக்கும். அடித்தட்டின் விளிம்பு, எண்ணெய் ஊற்றும் தட்டின் அடிப்பக்கம், மணியின் வாய்ச்சுற்று, தூக்குவிளக்குச் சங்கிலியின் மேல் கொக்கி, இந்த இடங்களைப் பாருங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் எதுவும் தெரியாது. போன் டார்ச்சைப் பொருளை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தேய்ந்துபோன எழுத்துகூட நிழல் விழுந்து எழும்பி வரும்.

அப்படிப் பார்க்கும்போது விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் உலோகம் மழமழவென்று, சுற்றியிருப்பதைவிடக் கொஞ்சம் பள்ளமாக, மெல்லிய இணைகோடுகளோடு இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அது கிரைண்டர் போன தடம். நூறு வருஷம் கைபட்டுத் தேய்ந்த தேய்மானம் மேடான இடங்களில் வழுவழுப்பாக, ஓரம் மழுங்கி இருக்கும்; ஒரே இடத்தில் சதுரமாக விழாது. எழுத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள் என்றால் அந்த எழுத்து யாருக்கோ தொந்தரவாக இருந்திருக்கிறது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.

'உபயம்' அழியாமல் இருந்து, கோயில் பெயரும் தெரிகிறது என்றால் இன்னும் தெளிவு. கோயிலுக்கு உபயமாகக் கொடுத்தது கோயில் சொத்து. அர்ச்சகரோ தர்மகர்த்தாவோ தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. "கோயில் புதுப்பித்தபோது பழசைக் கழித்துவிட்டார்கள்" என்று கடைக்காரர் சொன்னால், முறையாக ஏலம் விட்டதற்கான காகிதத்தைக் கேளுங்கள்.

காகிதம் என்றாலும் நம்பிவிட முடியாது என்பதற்கு ஸ்ரீபுரந்தானை நினைத்துக்கொண்டால் போதும். அரியலூர் மாவட்டத்தில் உள்ள அந்த ஊர்க் கோயிலிலிருந்து திருடுபோன சோழர் கால நடராஜரை, சுபாஷ் கபூர் என்ற நியூயார்க் வியாபாரி 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்றார். கூடவே கொடுத்த உரிமை வரலாறு போலி. கடைசியில் சிலையை அடையாளம் காட்டியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படம். 2014-இல் சிலை இந்தியா திரும்பியது. நிபுணர்களை வைத்திருந்த ஒரு தேசிய அருங்காட்சியகமே ஏமாந்தது என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட கைவினைப் பொருள் தொல்பொருள். வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் உலோகச் சிற்பம் போன்ற வகைகளைத் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும், விற்கிறவருக்கு உரிமம் இருக்க வேண்டும், தனிநபர் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவே முடியாது. பாவை விளக்கு மாதிரி உருவம் உள்ளதற்குப் பதிவு வேண்டுமா என்று சந்தேகம் வந்தால் பதிவு அலுவலரையே கேட்டுவிடுங்கள்.

போலிப் பழசும் சந்தையில் ஏராளம். அமிலம் பூசி, மண்ணில் புதைத்து, பச்சை ஏற்றி விற்கிறார்கள். பச்சை எங்கும் ஒரே சீராக, கைபிடிக்கும் இடத்தில்கூட அப்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். தரையில் இழுபட்டு இழுபட்டு அடிவிளிம்பு மழுங்கியிருக்க வேண்டிய குத்துவிளக்கில் அரம் போட்ட கூர் இன்னும் கையை உறுத்தினால் அது அண்மையில் செய்தது. புதுசு வாங்குவதில் தப்பே இல்லை. நாச்சியார்கோயிலில் விளக்கும் சுவாமிமலையில் மெழுகுவார்ப்புச் சிலையும் இன்றைக்கும் செய்கிறார்கள். சுவாமிமலைச் சிலைக்கு மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றி, அச்சை உடைத்து எடுக்கிறார்கள். ஒரு சிலைக்கு ஒரே அச்சு. அந்த உழைப்புக்கு உரிய விலையை ஸ்தபதியிடமே கொடுத்து வாங்குவது, திருட்டுப் பொருளோ என்ற சந்தேகத்தோடு ஒன்றை வீட்டில் வைத்திருப்பதைவிட எவ்வளவோ மேல். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், புதுச் சிலைக்கும் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

சரி, நல்ல பழைய பொருளாகவே வாங்கிவிட்டீர்கள். தயவுசெய்து புளியும் உப்பும் போட்டுத் துலக்காதீர்கள். தினம் ஏற்றும் புது விளக்கைத் துலக்குவது வேறு விஷயம். பழசில் புளியின் அமிலம் மேல்படலத்தைக் கரைக்கிறது, உப்பின் குளோரைடு நுண்துளைகளில் தங்கிவிடுகிறது. களிம்பு எல்லாம் ஒன்றல்ல. கரும்பச்சையாகவோ செம்பழுப்பாகவோ உலோகத்தோடு இறுகியிருப்பது பொருளைக் காக்கும் படலம், அதைத் தொடாதீர்கள். வெளிர்பச்சையில் மாவு மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு, துடைத்த கொஞ்ச நாளில் அதே புள்ளியில் மறுபடி பூத்து வந்தால்தான் ஆபத்து. குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை உள்ளே அரித்துக்கொண்டே போகும். கடற்கரை ஊர்களில் இது சீக்கிரம் பரவும். அப்படிப்பட்டதைச் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் தனியாக வைத்துவிட்டு, பழம்பொருள் பராமரிப்புத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். எழும்பூர் அருங்காட்சியக ஆய்வகத்தில் வெண்கலச் சிலைகளில் வரும் இந்த அரிப்புக்கான சிகிச்சையை 1930களிலேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். கைகடந்த நோய் ஒன்றும் இல்லை.

மற்றபடி இறுகிய எண்ணெய்ப் பிசுக்கை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மூங்கில் குச்சியால் மெதுவாக எடுங்கள். பிறகு துணியால் துடைத்து உடனே நன்றாகக் காயவிடுங்கள். அவ்வளவு போதும்.

உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பாட்டி வீட்டு விளக்கைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ, அவை எல்லாம் உருகிப் போயின. மிச்சம் இருப்பதை நாலு பக்கமும் அடியும் தெரியப் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. எழுத்து இருந்தால் சாய்ந்த வெளிச்சத்தில் தனியாக ஒரு படம். உயரம், எடை, யார் கொடுத்தது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள், அந்தப் படங்களின் ஒரு பிரதியை வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடமும் கொடுத்து வையுங்கள்.