கடல் பச்சையா மாறினா என்ன செய்யணும்?

செப்டம்பர் அக்டோபர் ஆச்சுன்னா சில வருஷம் மண்டபம், பாம்பன் பக்கத்துலருந்து போன் வரும், "சார் கடல் பெயிண்ட் கொட்டுன மாதிரி பச்சையா கெடக்கு, நாத்தம் தாங்கல, மீனெல்லாம் செத்து ஒதுங்குது, யாரும் கழிவத் தொறந்து விட்டுட்டாங்களா"ன்னு. கடல் சூழல் வேலையில இருக்கிறவன்ங்கிறதால என்கிட்ட கேக்குறாங்க, கேக்கவும் வேணும்.

பெரும்பாலும் அது பூங்கோரை. நாக்டிலூகான்னு ஒரு நுண்ணுயிர், உடம்புக்குள்ளயே பச்சைப்பாசிய வச்சிருக்கும், ராத்திரி அலை அடிச்சா நீலமா மினுங்கும். இது மீனுக்கு விஷம் வச்சுக் கொல்றதில்ல. கோடிக்கணக்கா பெருகி ஒரே நேரத்துல செத்து அழுகும்போது தண்ணியில உள்ள ஆக்ஸிஜன் காலியாகுது, கூடவே அம்மோனியாவும் சேருது, மீனு மூச்சுமுட்டித்தான் சாகுது. வெளிய நீந்துற மீனு தப்பி ஓடிரும், பவளப்பாறைய விட்டு நகராத கலவா, ஓரா, அஞ்சாளை மாதிரி மீனுதான் மாட்டும். பவளம் எங்க ஓடும்? 2019-ல மன்னார் வளைகுடாவுல பூங்கோரை வந்தப்ப சிங்கிள் தீவு பக்கம் ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழ போயி பவளமே செத்துச்சு. 2008-லயும் வந்திருக்கு.

ஏன் இந்த சீசன்லன்னா நம்ம கடலோட அமைப்ப பாக்கணும். வடகடல், அதான் பாக் விரிகுடா, பெரும்பாலும் 15 மீட்டருக்குள்ளதான் ஆழம், ஒரு பக்கம் நம்ம கரை ஒரு பக்கம் இலங்கை, தெக்க பாம்பன் வாசலும் ராமர் பாலத்து மணல் திட்டும்தான் வழி. தென்கடல், அதான் மன்னார் வளைகுடா, அப்படி இல்ல, தீவுகளத் தாண்டுனா ஆழமாயிட்டே போகும். வாடைக்காத்துல வங்காள விரிகுடாவோட உப்பு கம்மியான தண்ணி வடகடல் வழியா தெக்க எறங்குது, கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, அடிக்குற காலத்துல ஓட்டம் திரும்புது. இந்த ரெண்டுக்கும் நடுவுல காத்து விழுந்து கடல் அசையாம கெடக்குற நாளு கொஞ்சம் வரும், அப்பதான் பெருகுனது கரையிலயே தேங்குது. ஏப்ரல் மே-ல இதே மாதிரி காத்தில்லாம தண்ணி சூடானா பவளம் வெளுக்கும், 1998, 2010, 2016 மூணுலயும் பாத்தோம். வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லங்க. சீக்கிரம் கச்சான் அடிச்சு தண்ணி குளிர்ந்தா நெறைய திரும்பிரும், அதுக்குள்ள மிதிக்காம நங்கூரம் போடாம இருந்தாலே பெரிய உதவி.

காத்தையும் ஓட்டத்தையும் நம்மளால ஒண்ணும் செய்ய முடியாது, ஆனா சாக்கடை நம்ம கையிலதான இருக்கு. ஊர்க் கழிவுநீரும் மீன் கழுவுன தண்ணியும் நேரா கடல்ல விழுந்தா பாசிக்கு அது உரம், தானா வர்ற பச்சைய நாமளே தடிமனாக்குறோம். தாழைய, அதான் கடல்புல்ல, மடிவலை போட்டு உழுறதும் அப்படித்தான், கலங்கலப் பிடிச்சு வைக்கிறதே அந்தத் தாழைதான், அதுல மேயுற ஆவுளியாவுக்கும், அதான் கடல்பசுவுக்கும், முக்கியமான சாப்பாடே அதுதான். இத நான் ஊர்க்கூட்டத்துலயும் சத்தமாத்தான் சொல்லுவேன், கோவப்பட்டாலும் பரவால்ல.

இப்ப பச்சைத் தண்ணி வந்தா என்ன செய்யணும்னு சொல்லிர்றேன். ஒதுங்குன மீன எடுத்து சமைக்கவோ கருவாடு போடவோ வேணாம், பூங்கோரைன்னு கண்ணால பாத்து உறுதியா சொல்ல முடியாது, வேற விஷப்பாசியாவும் இருக்கலாம். கூண்டு வச்சு மீன் வளக்குறவங்க தீவனத்த நிறுத்துங்க, இழுக்க முடிஞ்சா ஓட்டம் உள்ள எடத்துக்கு இழுங்க. பாசி எடுக்க எறங்குற அக்காமாரு அந்தப் பக்கம் முங்காம இருக்குறது நல்லது, தோல் அரிக்கும். ஒரு பாட்டில்ல தண்ணி மோந்து நெழல்ல வச்சு அன்னைக்கே மண்டபத்துல உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கோ மீன்வளத்துறைக்கோ குடுங்க, கூடவே தேதி, எந்தத் தீவுக்கு எந்தப் பக்கம், என்ன காத்து, நீவாடு, அதான் நீரோட்டம், எங்கிட்டு ஓடுச்சு, இதெல்லாம் சொல்லுங்க. படம் மட்டும் வாட்ஸப்ல சுத்துனா எங்களுக்கு எந்த நாளு எந்த எடம்னே தெரியாமப் போயிருது, நாங்க போய் சேர்றதுக்குள்ள ஓட்டம் அத இழுத்துட்டுப் போயிரும்.