அமீலியா இயர்ஹார்ட்டோட ரேடியோ

ஃப்ளையிங் ஸ்கூல்ல நேவிகேஷனும் ரேடியோவும் கிளாஸ் எடுக்குறவன் நான். புது பேட்ச் வந்தா பிடிச்ச பைலட் யாருன்னு கேப்பேன், பாதிப்பேர் அமீலியா இயர்ஹார்ட்னுவாங்க, ஏன்னு கேட்டா "செம தைரியம் சார்". தைரியத்துல எனக்கு சந்தேகமே இல்ல. 1932ல தனியா அட்லாண்டிக் தாண்டறப்ப உயரம் காட்டுற ஆல்டிமீட்டர் புட்டுக்கிச்சு, ரெக்கைல ஐஸ் பிடிச்சுது, அப்பவும் சுமார் 15 மணி நேரம் ஓட்டிட்டுப் போய் வட அயர்லாந்துல ஒரு மேய்ச்சல் நிலத்துல இறக்கினாங்க.

ஆனா 1937 ஜூலை 2, உலகத்தச் சுத்தி வர்ற பயணத்துல பசிபிக்ல அவங்க காணாமப் போன நாள், அது வேற கதை. ஜப்பான்காரன் பிடிச்சுட்டான், ஏதோ தீவுல ஒதுங்கினாங்கன்னு வீடியோ வீடியோவா போட்டுத் தள்றாங்க, அதெல்லாம் விடுங்க, நான் பாக்குறது ரேடியோவ மட்டும்தான்.

நியூகினியால லேன்ற ஊர்லேர்ந்து ஹவுலண்ட் தீவுக்கு சுமார் 4,100 கிலோமீட்டர். பசிபிக் நடுவுல கிடக்குற அந்தத் தீவோட நீளம் ரெண்டரை கிலோமீட்டர் கூட இல்ல. கூட வந்த ஃப்ரெட் நூனன் கெட்டிக்கார நேவிகேட்டர்தான், ஆனா சூரியனையும் நட்சத்திரத்தையும் வச்சு கணக்குப் போட்டா பல கிலோமீட்டர் பிசகத்தான் செய்யும், கடைசி தூரத்துக்கு ரேடியோதான் கை குடுக்கணும். அதுக்குன்னே அமெரிக்க கோஸ்ட் கார்ட் கப்பல் இட்டாஸ்கா அங்க காத்துட்டு இருந்துச்சு. மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமா அனுப்புற ரேடியோ பாஷை, நல்லா தெரிஞ்ச ஹாரி மானிங்னு ஒருத்தர் முதல்ல டீம்ல இருந்தாரு. மார்ச்ல ஹவாய்ல டேக் ஆஃப் எடுக்கும்போது ப்ளேன் அடிபட்டப்புறம் அவர் விலகிட்டாரு, மிச்சம் இருந்த ரெண்டு பேருக்கும் மோர்ஸ் சரியா வராது.

முந்தின நாள் நடந்ததுதான் எனக்கு உறுத்துறது. ஜூலை 1 லேல டெஸ்ட் ஃப்ளைட் போறாங்க. சிக்னல் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்குற டைரக்ஷன் ஃபைண்டர்ல வளைய ஆன்டெனாவ மெதுவா திருப்பிட்டே வரணும், எந்த இடத்துல சத்தம் அடங்குதோ அத வச்சுத்தான் ஸ்டேஷன் இருக்குற திசை தெரியும். அன்னிக்கு சத்தம் அடங்கவே இல்ல. ஸ்டேஷன் ரொம்ப பக்கத்துல இருக்கு, பவரும் ஜாஸ்தி, அதான் அப்படினு அவங்களே ஒரு காரணம் சொல்லிட்டு மறுநாள் கிளம்பிட்டாங்க. கிட்டத்தட்ட 20 மணி நேரம் பறந்தப்புறம், கப்பல்கிட்ட, உங்களுக்கு மேலதான் இருக்கணும் ஆனா தெரியல, பெட்ரோல் குறைஞ்சுட்டு வருதுனு சொல்றாங்க, 7500 கிலோஹெர்ட்ஸ்ல சிக்னல் கேக்குறாங்க, கப்பலும் அனுப்புது, காதுல விழவும் விழுது, ஆனா சத்தம் அடங்குற இடம் மட்டும் கிடைக்கல. நேத்து வந்த அதே கோளாறு!

அமீலியாவ தைரியம்னு சொல்றவங்க, தனியா அட்லாண்டிக் தாண்டின இன்னொரு பைலட் லிண்ட்பெர்க்க வெறும் அதிர்ஷ்டம்னுடுவாங்க, அவருக்கு பேரே 'லக்கி லிண்டி'. 1927ல ரேடியோ கூட இல்லாம நியூயார்க்லேர்ந்து பாரிஸ் போனாரே, பைத்தியக்காரத்தனம்தானேனு பசங்க கேப்பாங்க. அவர் தேடினது ரெண்டரை கிலோமீட்டர் தீவு இல்லப்பா, ஐரோப்பா, நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் கரை வரும். அதுக்கு முந்தின வருஷம் ஃபோன்க்னு ஒரு பிரெஞ்சு பைலட் மூணு இன்ஜின் விமானத்துல அளவுக்கு மீறி வெயிட் ஏத்தி, டேக் ஆஃப் ஆகாமலே நொறுங்கி ரெண்டு பேர் செத்தாங்க. லிண்ட்பெர்க் ஒத்தை இன்ஜின், பாரசூட் கூட வேணாம்னு வெயிட்ட கிராம் கணக்குல குறைச்சாரு. அதே ஆளு முந்தின ராத்திரி தூங்காம 33 மணி நேரத்துக்கு மேல ஓட்டி நடுவுல நடுவுல கண் அசந்துட்டாரே, அந்த ஒரு விஷயத்துல வேணா லக்குனு சொல்லுங்க, நான் ஒத்துக்குறேன்.

இவ்வளவு பேசுறேனே, நானும் அதையே பண்ணவன்தான். ஸ்டூடண்டா இருந்தப்ப முதல் சோலோ க்ராஸ் கன்ட்ரி, அதாவது தனியா தூரமா ஓட்டிட்டுப் போற அன்னிக்கு, ஹெட்செட்ல ஒரே கரகர. டவர் பக்கத்துலதானே இருக்கு அதான் இரையுதுனு நானே சமாதானம் சொல்லிட்டு கிளம்பிட்டேன், இன்ஸ்ட்ரக்டர்கிட்ட வாயே திறக்கல. பத்து நிமிஷத்துல சுத்தமா எதுவும் கேக்கல, அப்படியே திரும்பி வந்து ஏர்ஃபீல்ட சுத்தி சர்க்யூட்ல சுத்திட்டே டவரப் பாத்துட்டு இருந்தேன், இறங்கலாம்னு பச்சை லைட் காட்டினப்புறம்தான் இறக்கினேன். வேர்த்துக் கொட்டி கீழ இறங்கினா இன்ஸ்ட்ரக்டர் ஒண்ணும் பேசல, காக்பிட்டுக்குள்ள குனிஞ்சு பாத்தாரு. ஹெட்செட் பின் பாதி வெளிய வந்து தொங்கிட்டு இருந்துச்சு.