பழைய சீட் டிரில்லா, மானியத்துல புதுசா? கணக்குப் போட்டுட்டு வாங்குங்க

ஆவணி பொறந்துட்டா எங்க கரிசக்காட்டுப் பக்கம் ஒரே கேள்விதான், அண்ணே ஒரு பழைய சீட் டிரில், அதான் டிராக்டர்ல மாட்டி விதைக்கிற மெஷின், வெலைக்கு வருது வாங்கலாமா, அதுக்கு மானியம் ஏதாச்சும் கெடைக்குமான்னு. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம்னு இந்தச் சுத்துவட்டாரம் பூரா மானாவாரி, புரட்டாசி மழைய நம்பி உளுந்து பாசி சோளம் மக்காச்சோளம்னு விதைக்கிறோம், அதனால எல்லாருக்கும் ஒரே வாரத்துல மெஷின் வேணும், அந்த அவசரத்துல பழசு வாங்கி மாட்டிக்கிறவங்கதான் ஜாஸ்தி.

மொதல்ல நேரா பதில் சொல்லிடுறேன். பழைய மெஷினுக்கு மானியம் கெடையாது. டிராக்டரோ ரோட்டவேட்டரோ சீட் டிரில்லோ எதுவா இருந்தாலும் புதுசா, துறை அங்கீகரிச்ச கம்பெனியோட மாடல, உங்க பேர்ல பில் போட்டு வாங்குனாத்தான் மானியம். "பழச வாங்கிக்கோ, புது பில்லு நான் அட்ஜஸ்ட் பண்ணித் தாரேன்"னு யாராச்சும் சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, மெஷின் நம்பரோட போட்டோ புடிச்சு, இருக்கிற இடத்தையும் சேர்த்துத்தான் பதிவு பண்றாங்க, மாட்டுனா உங்க பேருதான் கெடும்.

திட்டத்துக்குப் பேரு வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம். 2014-15ல மத்திய அரசு ஆரம்பிச்சது, நம்ம மாநிலத்துல மத்திய அரசு 60 மாநிலம் 40ன்னு பணம் போடுறாங்க, நடத்துறது வேளாண்மைப் பொறியியல் துறை. நெறைய பேரு வேளாண்மைத் துறை ஆபீஸ்லயே போய் நின்னு அலையிறாங்க, அங்க விதை உரம் சமாச்சாரம், மெஷினுக்குப் போக வேண்டியது பொறியியல் துறையோட உதவி செயற்பொறியாளர் அலுவலகம், கோட்டத்துக்கு ஒண்ணு இருக்கும்.

எவ்வளவு தருவாங்கன்னா பொதுப் பிரிவு பெரிய விவசாயிக்கு 40 சதவீதம், சிறு குறு விவசாயி, பெண் விவசாயி, ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கு 50 சதவீதம். ஆதிதிராவிடர் பழங்குடியினர்ல சிறு குறு விவசாயியா இருந்தா தமிழ்நாடு அரசு அதுக்கு மேல இன்னும் 20 சதவீதம் சேர்த்துக் குடுக்குது, ஆக 70. ரெண்டரை ஏக்கர் வரைக்கும் குறு, அஞ்சு ஏக்கர் வரைக்கும் சிறு விவசாயி, இதுக்குத் தாசில்தார் சான்று வேணும், இ-சேவை மையத்துலயே போட்டுக்கலாம். மானாவாரிக்காரங்க நம்மள்ல பாதிப்பேருக்கு நெலம் இன்னும் தாத்தா பேர்லயோ கூட்டுப் பட்டாவுலயோதான் கெடக்கு, மானியம்னு போனா மொத முட்டுக்கட்ட அதுதான், அதனால மெஷின் பாக்குறதுக்கு முன்னாடி பட்டாவப் பாருங்க.

இப்ப முக்கியமான எடம், இதத்தான் யாரும் சரியாச் சொல்றதில்ல. 50 சதவீதம்னா பில்லுல பாதின்னு அர்த்தம் இல்ல. ஒவ்வொரு மெஷினுக்கும் இவ்வளவுதான்னு ஒரு உச்சவரம்பு வச்சிருக்காங்க, பாதி வெல எவ்வளவு, உச்சவரம்பு எவ்வளவு, ரெண்டுல எது கம்மியோ அதுதான் வரும். கணக்குக்காக ஒரு நம்பர் வச்சுச் சொல்றேன், இது நெசமான ரேட் இல்ல. மெஷின் 80,000, உங்களுக்கு 50 சதவீதம், பாதின்னா 40,000. ஆனா அந்த மெஷினுக்கு உச்சவரம்பு 30,000ன்னா 30,000தான் அக்கவுண்டுக்கு வரும், மிச்சம் 50,000 உங்க கைக்காசு. எத்தன கொத்து, அதாவது ஒரே நேரத்துல எத்தன வரிசை விதைக்கிற மெஷின்ங்கிறத வச்சு இந்த உச்சவரம்பு மாறும், உங்க மாடலுக்கு எவ்வளவுன்னு ஆபீஸ்ல கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. அதுபோக மானியம் உங்க பேங்க் அக்கவுண்டுக்குத்தான் வருது, அதனால மொதல்ல முழுப் பணத்தையும் பொரட்டித்தான் ஆகணும், கையில பாதிக்காசு மட்டும் வச்சுக்கிட்டுக் கெளம்பிப் போனவங்க திரும்பி வந்து வட்டிக்கு வாங்குன கதையெல்லாம் இருக்கு.

இன்னொன்னு, 2025 செப்டம்பர் 22ல இருந்து டிராக்டருக்கும் உழவு விதைப்பு மெஷினுக்கும் ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதமாக் கொறஞ்சிருச்சு. வரிக்கு முன்னாடி 80,000 ரூபா மெஷின்னா அப்ப 89,600, இப்ப 84,000. பழைய மெஷின் விக்கிறவரு இன்னும் பழைய புதுவெலைய மனசுல வச்சுத்தான் ரேட் சொல்லுவாரு, நீங்க இன்னைக்கு விலைய வச்சுப் பேசுங்க.

ஆக நீங்க பண்ண வேண்டிய கணக்கு இவ்வளவுதான், பழசோட விலை ப்ளஸ் ரிப்பேர் செலவு ஒரு பக்கம், புது மெஷின் வெலையில மானியம் போக மிச்சம் ஒரு பக்கம். மேல சொன்ன கணக்குல புதுசு கைக்கு 50,000ல வருது, பழசு 40,000 சொல்றாங்க, ரோலரும் செயினும் குழாயும் மாத்துனா எங்க போய் நிக்கும்? பல நேரம் பழசு சல்லிசு இல்லங்க, சல்லிசு மாதிரி தெரியும் அவ்வளவுதான்.

ஆனா பழசுலயும் முக்கியமா ரெண்டு விதம் இருக்கு, ரோலர் வச்சது, தட்டு வச்சது, அத பிரிச்சுப் பாக்கணும். எங்க தாத்தா காலத்துல மாட்டுக்குப் பின்னாடி மூணு நாலு கொழு வச்ச மரச்சட்டம், நடுவுல ஒரு கிண்ணம், அதுல இருந்து மூங்கில் குழாய் ஒவ்வொரு சாலுக்கும் போகும், ஒரு பொம்பளையாளு கூடவே நடந்து கைப்பிடியா விதைய விட்டுட்டே வரும். அந்தக் கை ஓயாம ஒரே அளவா விடணும், அது ஒரு வித்தைதான், எங்க அப்பத்தா விட்டா சாலுக்குச் சால் மாறாதுன்னு ஊர்ல சொல்லுவாங்க. இன்னைக்கு சீட் டிரில்ல அந்தக் கையோட வேலையப் பாக்குறது பெட்டிக்கு அடியில இருக்கிற பள்ளம் பள்ளமா வெட்டுன ரோலர், அத சுத்துறது தரையில உருளுற சக்கரம், சக்கரம் ஓடுனா செயின் வழியா ரோலர் சுத்தும், விதை குழாய்ல எறங்கும். சக்கரம் நின்னா விதையும் நிக்கும், டிராக்டர் வேகமாப் போனாலும் மெதுவாப் போனாலும் அளவு பெருசா மாறாது.

உளுந்து, பாசி, சோளம், கம்புக்கு இந்த ரோலர் போதும். நெலக்கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் அது ஒத்துவராது, கடலைப் பருப்ப நசுக்கி ஒடச்சிரும், முளைப்பு அடிவாங்கும், அதுக்குச் சாய்வாத் தட்டு வச்ச மாடல் வேணும், தட்டுல குழிக்கு ஒரு விதையா எடுத்துப் போடும், பயிருக்குத் தகுந்த மாதிரி தட்ட மாத்திக்கலாம். காத்து உறிஞ்சி ஒத்த ஒத்தையாப் போடுற மாடலும் இருக்கு, அருமையா வேல செய்யும், ஆனா விலையும் மராமத்தும் நம்ம மாதிரி அஞ்சு ஏக்கர்காரனுக்குக் கட்டுபடியாகாது. பழசு வாங்கும்போது இந்த ஒண்ண மட்டும் பாக்காம ரோலர் மாடல வாங்கிட்டு வந்து கடலை விதைச்சா மெஷின் மேல தப்பு சொல்லிப் புண்ணியமில்ல.

சரி, இல்ல பழசுதான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா வெறும் பெயிண்ட்டப் பாத்துட்டு வந்துராதீங்க. என் மச்சான் ஒருத்தரு பளபளன்னு இருக்கேன்னு வாங்கிட்டு வந்தாரு, உரப்பெட்டிக்கு அடியில துரு ஏறி சல்லடையா இருந்துச்சு, டிஏபி உரம் பூரா வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவுல ரோட்டுலயே கொட்டிட்டுப் போனாரு. உரப்பெட்டிய வேலை முடிஞ்சதும் கழுவலைன்னா உப்பு மாதிரி அரிச்சிரும், அதனால மொதல்ல அடியில படுத்துப் பாருங்க. கொழு நுனி தேஞ்சிருக்கா, டிராக்டர்ல மாட்டுற மூணு பின் ஓட்டையும் அகண்டு போய் ஆடுதா, குழாய் வெடிச்சிருக்கா, செயின் பல்லு முழுசா இருக்கா.

அப்புறம் ஒரு சோதனை, விக்கிறவரு வீட்டு வாசல்லயே பண்ணலாம், காமணி நேரம்தான். மெஷினத் தூக்கி நிறுத்தி சக்கரம் தரையத் தொடாம வச்சுக்கோங்க, பெட்டியில பாதிக்கு உளுந்து போடுங்க, ஒவ்வொரு குழாய்க்கும் கீழ ஒரு பாலிதீன் கவர் கட்டுங்க. 7 வரிசை, வரிசைக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளின்னா மெஷின் அகலம் 2.1 மீட்டர். சக்கரத்தோட சுத்தளவு 1.2 மீட்டர்னு வைங்க, கையால 50 சுத்து சுத்துனா காட்டுல 60 மீட்டர் ஓடுன மாதிரி, பரப்பு 126 சதுர மீட்டர், ஏக்கர்ல ஏறக்கொறைய 32ல ஒரு பங்கு. உளுந்து ஏக்கருக்கு 8 கிலோ விழணும்னா இந்த 50 சுத்துல மொத்தம் 250 கிராம் வரணும், கவருக்கு 35, 36 கிராம். மொத்தம் கூடக் கொறைய இருந்தா லீவர வச்சு சரி பண்ணிக்கலாம், அதுக்குப் பயப்பட வேணாம். ஆனா ஒரு கவர்ல 45, இன்னொண்ணுல 20ன்னு வந்தா ரோலர் தேஞ்சு போச்சு, காட்டுல ஒரு சால் அடர்த்தியா ஒரு சால் சொட்டையா வரும், அந்த மெஷினுக்கு வெலையக் கொறைங்க இல்லாட்டி விட்டுட்டு வாங்க. விக்கிறவரு தராசு எதுக்குன்னு கேப்பாரு, கேக்கட்டும்.

பேப்பர் விஷயம், சீட் டிரில்லுக்கு ஆர்சி புக் எல்லாம் கெடையாது, அதனாலதான் அது யாருதுன்னு நிரூபிக்க பில்லு முக்கியம். பழைய பில்லையும் வாங்கி, வித்துட்டேன்னு கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தையும் வாங்கிக்கோங்க. அந்த மெஷின அவரு மானியத்துல வாங்கினதான்னு கேளுங்க, மானியத்துல வாங்குனவங்க கொஞ்ச வருஷத்துக்கு விக்க மாட்டேன்னு உறுதி குடுத்திருப்பாங்க, ஆய்வுக்கு ஆள் வந்து மெஷின் எங்கன்னு கேட்டா அவருக்கும் சிக்கல் உங்களுக்கும் சிக்கல்.

டிராக்டரும் சேர்த்து வாங்குறீங்கன்னா கதையே வேற. பேர் மாத்துறதுக்குப் படிவம் 29, 30 ரெண்டும் கையெழுத்தாகணும், லோன்ல இருந்த வண்டின்னா கடன் முடிஞ்சதுக்கு பைனான்ஸ்காரங்க படிவம் 35 குடுக்கணும், வேற ஆர்டிஓ எல்லைன்னா என்ஓசிக்கு, அதான் தடையில்லாச் சான்றுக்கு, படிவம் 28. வித்தவரு 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குச் சொல்லணும், வாங்குனவரு 30 நாளுக்குள்ள, இன்சூரன்ஸ் பேர் மாத்த 14 நாள். டிரெய்லருக்குத் தனி பதிவு, இத மறந்துறாதீங்க. பதிவு 15 வருஷம் செல்லும், 14 வருஷ வண்டிய சல்லிசா தள்ளி விடுறாங்கன்னா ஏன்னு இப்ப புரியும்.

விண்ணப்பம் போடுறது பெரிய வித்தை இல்ல, ஆதார், பட்டா சிட்டா, பாஸ்புக், போட்டோ, சிறு குறு சான்று, வேணும்னா சாதிச் சான்று, உழவன் செயலியிலயோ துறையோட ஆன்லைன் போர்ட்டல்லயோ பதிஞ்சு ஆபீஸ்ல ஒரு எட்டு போய் சொல்லிட்டு வந்துருங்க. ஒரே ஒரு விஷயம், அனுமதி கைக்கு வர்றதுக்கு முன்னாடி மெஷின வாங்கிறாதீங்க, முன்தேதி பில்ல வச்சுக்கிட்டு அப்புறம் மல்லுக்கட்ட முடியாது. சீனியாரிட்டி வரிசை, நிதி வந்தாத்தான் நகரும், புரட்டாசி அதுக்காகக் காத்திருக்காது.

அதனால நான் பண்ணது என்னன்னா, இந்தப் பட்டத்துக்கு துறை வாடகை மெஷினுக்கு உழவன் செயலியிலயே இ-வாடகையில பதிஞ்சேன், அது கெடைக்க லேட்டாகும் போல இருந்துச்சு, பக்கத்து ஊர் வாடகை மையத்துல ஒரு ஏழு கொத்து டிரில் எடுத்து விதைச்சு முடிச்சுட்டேன். விண்ணப்பம் பதிவு நம்பர் பர்ஸ்ல இருக்கு, அடுத்த ஆவணிக்குள்ள அனுமதி வந்தா புதுசு. பழைய மெஷின்காரரு இன்னும் போன் பண்ணிட்டுத்தான் இருக்காரு, 40ல இருந்து 32க்கு எறங்கிட்டாரு, தராசோட வரேன்னு சொல்லி வச்சிருக்கேன்.