இன்டெக்ஸ் போட்டாச்சே, அப்புறமும் ஏன் இழுக்குது?

"எல்லா ஃபீல்டுக்கும் இன்டெக்ஸ் போட்டுட்டோம் சார், இன்னும் ஸ்லோவாத்தான் இருக்கு." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இன்டெக்ஸ் என்பது டேட்டாபேஸில் வேண்டிய வரியைச் சீக்கிரம் தேடிப் பிடிக்க உதவும், வரிசையாக அடுக்கிய பட்டியல்.

கடைசியாக வந்தது ஒரு பில்லிங் மென்பொருள். மொபைல் எண்ணை அடித்தால் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல், டேபிளில் பல லட்சம் வரிகள். குவெரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, அது எப்படி ஓட்டும் என்று காட்டும் எக்ஸ்பிளெயின் போட்டால், பயன்படக்கூடியவற்றைச் சொல்லும் 'பாசிபிள் கீஸ்' கட்டத்தில் இன்டெக்ஸின் பெயர் இருக்கிறது; உண்மையில் எடுத்ததைச் சொல்லும் 'கீ' கட்டத்தில் 'நல்', அதாவது எதுவுமில்லை. டைப், 'ஆல்'. மொத்த டேபிளையும் படிக்கிறது என்று அர்த்தம்.

மொபைல் எண் ஃபீல்டு வார்சார், அதாவது எழுத்தாகச் சேமிக்கும் வகை. குவெரியிலோ எண்ணைச் சுற்றி மேற்கோள்குறி இல்லை. அவ்வளவுதான் விஷயம். முன்னால் சைபர் போட்டதும் போடாததும், ஸ்பேஸ் விட்டதும் நம்பராக மாற்றினால் ஒன்றே. எழுத்து வரிசையில் அடுக்கிய இன்டெக்ஸில் இவை ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். எனவே மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு வரியையும் நம்பராக்கிப் பார்க்கிறது. இரண்டு மேற்கோள்குறி போட்டதும் தேடல் சட்டென்று வந்தது. அதற்குள் அவர்கள் கண்ணில் பட்ட ஃபீல்டுக்கெல்லாம் இன்டெக்ஸ் போட்டு, பில் சேமிப்பதையும் மந்தமாக்கி வைத்திருந்தார்கள். புது வரி ஒன்று நுழைந்தால் அத்தனை இன்டெக்ஸிலும் எழுத வேண்டாமா?

இன்டெக்ஸ் இருப்பது வேறு, குவெரி அதைத் தொடுவது வேறு. தேதி ஃபீல்டை, வருடத்தை மட்டும் எடுத்துத் தரும் இயர் ஃபங்ஷனுக்குள் போட்டு 2024 என்று கேட்டால் சாதாரண இன்டெக்ஸ் உதவாது. 2024-01-01 முதல், 2025-01-01-க்கு முன்பு வரை என்று கேளுங்கள். எழுத்துகளைத் தேடும் லைக்கில் முதல் எழுத்தே சதவீதக்குறி ('இங்கே எது இருந்தாலும் சரி') என்றாலும் இதே கதிதான். கிளை, தேதி என்ற வரிசையில் கூட்டு இன்டெக்ஸ் (முதலில் கிளைவாரியாக, அதற்குள் தேதிவாரியாக அடுக்கியது) போட்டுவிட்டு, தேதியை மட்டும் வைத்துத் தேடிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு: ஃபாரின் கீ (வேறொரு டேபிளின் வரியைச் சுட்டும் ஃபீல்டு) வைத்தால் இன்டெக்ஸ் தானாக வராது, நீங்கள்தான் போட வேண்டும். அதையும் பட்டப்பகலில் லைவ் சர்வரில் வெறுமனே போடாதீர்கள். முடியும்வரை அந்த டேபிளில் யாரும் எழுத முடியாது. எழுதுவதைத் தடுக்காமல் இன்டெக்ஸ் போட 'கன்கரன்ட்லி' என்று ஒரு சொல் இருக்கிறது, தயவுசெய்து சேருங்கள். மைஎஸ்கியூஎல் 8.0-இல் வேண்டாத இன்டெக்ஸை நீக்குமுன் 'இன்விசிபிள்' ஆக்கி, அதாவது குவெரிகள் அதைப் பயன்படுத்தாதபடி மறைத்து, சில நாள் பாருங்கள்.

உதவி கேட்கிறவர்கள் குவெரியையும் எக்ஸ்பிளெயின் வெளியீட்டையும் அனுப்புங்கள். "ரொம்ப ஸ்லோ சார்" என்று வாய்ஸ் மெசேஜ் வேண்டாம்.