ஸ்டெப்னி வைத்திருப்பவனெல்லாம் லாரி ஓனர் இல்லை

இந்தப் பருவத்தில் இது நான்காவது வைவா (வாய்மொழித் தேர்வு). முதல் ஸ்லைடிலேயே கொட்டை எழுத்தில் "கடல் வைரஸ்கள் ஒளிச்சேர்க்கை செய்கின்றன" என்று போட்டிருந்தார் மாணவர். பேனாவை மூடி வைத்துவிட்டு, "யாருப்பா சொன்னது?" என்றேன். "ஜீன் இருக்கே சார்!" அன்று இரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒன்றை அனுப்பியிருந்தார்: 'நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் வைரஸ் தந்தது, பத்து பேருக்குப் பகிரவும்.' அன்றைக்கு உட்கார்ந்ததுதான் இந்தப் பதிவு.

ஜீன் இருப்பது உண்மைதான். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்குப் பேஜ் என்று பெயர்; ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாவைத் தாக்குவது சயனோபேஜ். இங்கிலாந்தின் பிளிமத் கடலோர நீரிலிருந்து பிரித்தெடுத்த எஸ்-பிஎம்2 என்ற சயனோபேஜில், ஒளிச்சேர்க்கை இயந்திரத்தில் நீரைப் பிளக்கும் பகுதியான 'ஒளித்தொகுதி-2'இன் மையத்தில் இருக்கும் டி1, டி2 புரதங்களுக்கான ஜீன்கள் இருப்பதை 2003இல் வாரிக் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் மான் குழு அறிவித்தது. அடுத்த ஆண்டே, புரோகுளோரோகாக்கஸ் என்ற கடல் சயனோபாக்டீரியாவைத் தாக்கும் பேஜ்களிலும் இத்தகைய ஜீன்கள் கிடைத்தன. தொற்றின்போது பேஜின் ஜீனிலிருந்து டி1 புரதம் உண்மையிலேயே உருவாகிறது என்று 2005இல் டெபி லிண்டெலும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். 2009இல் அதன் ஜோடியான 'ஒளித்தொகுதி-1'இன் ஜீன்களும் கடல் வைரஸ் டிஎன்ஏவில் அகப்பட்டன.

இவ்வளவும் சரி. ஆனால் வைரஸ் ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. இன்னொரு தரமும் சொல்கிறேன், செய்வதில்லை. பேஜ் என்பது புரத உறைக்குள் சுருட்டி வைத்த டிஎன்ஏ. அதில் பச்சையம் கிடையாது, ஒளித்தொகுதிகள் பதிந்திருக்கும் தைலக்காய்டு சவ்வு கிடையாது, ஒரு புரதத்தைக்கூடச் சொந்தமாகச் செய்துகொள்ள ரைபோசோம் கிடையாது. கடல்நீரில் மிதக்கும்போது அதன்மீது நாள் முழுக்க வெயில் அடித்தாலும் நடக்கக்கூடியது ஒன்றுதான்: புறஊதாக் கதிர்பட்டு அதன் டிஎன்ஏ கெடும். ஒளியைப் பிடிப்பது, நீரைப் பிளப்பது, ஆக்சிஜனை விடுவது எல்லாம் சயனோபாக்டீரியாவின் செல்தான். லாரியைக் கடத்துகிறவன் கையோடு ஒரு ஸ்டெப்னியும் கொண்டுவந்தால் அவன் லாரி ஓனர் ஆகிவிடுவானா?

ஏன் ஸ்டெப்னி வேண்டும் என்பதுதான் சுவையான இடம். (ஒளித்தொகுதி எப்படி வேலை செய்கிறது என்பது பிளஸ் ஒன் புத்தகத்தில் இருக்கிறது, அதை இங்கே எழுதப்போவதில்லை.) டி1 ஓயாமல் தேயும் உறுப்பு. நல்ல வெளிச்சத்தில் நிமிடக் கணக்கில் பழுதாகும், செல்லும் புதிதாகச் செய்து மாற்றிக்கொண்டே இருக்கும். பேஜ் உள்ளே நுழைந்ததும் செல்லின் சொந்த ஜீன்களை ஒவ்வொன்றாக வாய் மூட வைக்கிறது. டி1 வரத்தும் அதோடு வற்றும். ஆனால் புதிய பேஜ்கள் உருவாகிச் செல் வெடிக்கப் பல மணி நேரம் ஆகும். அதுவரை மின்சாரம் நிற்கக் கூடாதே! அதற்காகப் பேஜ் தன் ஜீனைக் கொடுத்து, செல்லையே டி1 செய்ய வைக்கிறது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

'வைரஸ் நமக்கு நன்மை செய்கிறது' என்ற சித்தப்பா செய்தியின் தொனி அடிவாங்குவதும் இங்கேதான். பல பேஜ்கள் சிபி12 என்ற ஒரு ஜீனையும் வைத்திருக்கின்றன. அதன் புரதம், கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சிக்குத் தடைபோடுவது. ஒரு கையால் ஒளித்தொகுதிக்கு உதிரிபாகம், மறு கையால் சர்க்கரை தயாரிப்புக்குப் பிரேக். ஒளியில் கிடைக்கும் ஆற்றல் செல்லின் வளர்ச்சிக்குப் போகாமல், பேஜ் டிஎன்ஏவுக்கான நியூக்ளியோடைடுகளுக்குத் திரும்புகிறது. பேஜ் தொற்றிய சைனக்கோகாக்கஸ் என்ற சயனோபாக்டீரியாவின் செல்களில், ஒளியால் நடக்கும் எலெக்ட்ரான் ஓட்டம் தொடர்ந்தபோதே கரியமில வாயுவை நிலைநிறுத்துவது குறைந்ததை 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 'வைரஸ் கடலைக் காப்பாற்றுகிறது' என்று மீம் போடுபவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

இனி ஆய்வேடு எழுதும் பிள்ளைகளுக்கு. கடல்நீர் டிஎன்ஏவில் டி1 ஜீனை எண்ணிவிட்டு 'இவ்வளவு சயனோபாக்டீரியா' என்று எழுதாதீர்கள். பல கடல்களில் நீர் மாதிரி எடுத்த குளோபல் ஓஷன் சாம்ப்ளிங் பயணத்து மேற்பரப்பு நீரில் கிடைத்த டி1 ஜீன்களில் 60% வரை பேஜுடையவை என்று 2007லேயே கணக்குப் போட்டுவிட்டார்கள்! பாக்டீரியாவைப் பிடித்து வைரஸை நழுவவிடும் 0.2 மைக்ரான் வடிதாளில் தங்கியதெல்லாம் பாக்டீரியாவின் ஜீன் என்றும் நம்பாதீர்கள். தொற்றிய செல்லுக்குள் பேஜ் டிஎன்ஏ பெருகிக்கொண்டிருக்கும். நேர்மாறான தவறும் நடக்கிறது. வைரஸ் மாதிரியில், உறைக்கு வெளியே கிடக்கும் டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியைப் போடாமல், ஒட்டிவந்த செல் டிஎன்ஏவைப் பார்த்து 'புதிய வைரஸ் ஜீன்' என்று குதிக்கிறார்கள். அக்கம்பக்கத்து ஜீன்களைப் பாருங்கள். இருபுறமும் பேஜின் வால், தலைப் புரத ஜீன்கள் நிற்கின்றனவா? இல்லையென்றால் வாயைத் திறக்க வேண்டாம். ஜீன் மரம் வரைந்து பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். செல்லும் பேஜும் இந்த ஜீனைத் துண்டு துண்டாக மாற்றிக்கொண்ட வரலாறு உண்டு. தலைப்பில் 'செய்கிறது' என்று எழுதத் தோன்றினால் ஒரு டீ குடித்துவிட்டு வந்து 'ஜீனைச் சுமக்கிறது' என்று எழுதுங்கள். தயவுசெய்து.

சித்தப்பாவுக்கு இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மத்தி மீன் வாங்கலாமா, வேண்டாமா?" என்றார். தாராளமாக வாங்கலாம். கடல்நீர் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ ஒரு கோடி வைரஸ் இருக்கும்; கடலில் குளித்து ஒரு மடக்கு உப்புத்தண்ணீர் குடித்தவர்கள் எல்லோரும் அதை விழுங்கியவர்கள்தான். சயனோபேஜுக்குச் சயனோபாக்டீரியா வேண்டும், நம் செல்லுக்குள் அதனால் நுழைய முடியாது. மீனை ஐஸில் வைத்து எடுத்துவாருங்கள், குழம்பை நன்றாகக் கொதிக்க விடுங்கள். அது பேஜுக்குப் பயந்து இல்லை சித்தப்பா, மற்ற கிருமிகளுக்காக.