கோட்டைத் தொட்டால் கோல் இல்லை

பாளையங்கோட்டைப் பக்கம் பள்ளிக் கால்பந்து மேட்சுகளுக்கும் கோயில் கொடை சமயத்தில் ஊருக்கு ஊர் நடக்கிற, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸுக்கும் விசில் ஊதுகிறவன் நான். சண்டை என்று வந்தால் பெரும்பாலும் கோலில்தான் வரும். "பந்து தாண்டிருச்சு சார், எல்லாரும் பாத்தோம்" என்று கேலரியில் இருந்து ஒரு அண்ணாச்சி கத்துவார். அவர் உட்கார்ந்திருப்பது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில்.

விதி சொல்வது இதுதான்: கம்பங்களுக்கு நடுவே, மேல்கம்பத்துக்குக் கீழே, முழுப் பந்தும் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். பந்தின் விட்டம் சுமார் 22 செ.மீ., அதனால் அது தரையில் கோட்டுக்கு அந்தப் பக்கமே கிடந்தாலும் வயிற்றுப் பகுதி கோட்டுக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால்கூட கோல் இல்லை. கோட்டுக்கு நேராக நின்று பார்க்கிறவனுக்குத்தான் இது தெரியும். 2010 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டு நன்றாகவே உள்ளே விழுந்தும் நடுவருக்குத் தெரியாமல் போனது. 2014 உலகக் கோப்பைக்குக் கோல்கோட்டுத் தொழில்நுட்பமே வந்துவிட்டது. நமக்கு இருப்பது சுண்ணாம்புப் பொடி. ஆனி, ஆடிக் காற்றில் இரண்டாம் பாதிக்குள் பாதிக் கோடு பறந்துவிடும், இடைவேளையில் மறுபடி போடுங்கள் என்று சொன்னால் கமிட்டிக்காரர்கள் கோப்பைக்கு மாலை வாங்கப் போயிருப்பார்கள்.

வலையையும் பாருங்கள். 2013இல் ஜெர்மனியில் லெவர்குசன் அணியின் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து, பக்கவாட்டு வலையின் ஓட்டை வழியாக உள்ளே போய் கோலாகவே பதிவானது. மறு ஆட்டமும் கிடைக்கவில்லை. பெரிய லீக்கிலேயே இந்தக் கதி.

பந்து உள்ளே போனால் மட்டும் போதாது, எப்படிப் போனது என்பதும் உண்டு. பக்கக் கோட்டிலிருந்து கையால் த்ரோ எறிந்து யார் மேலும் படாமல் எதிரணி வலைக்குள் விழுந்தால் கோல் இல்லை, கோல் கிக்தான், அதாவது எதிரணி தன் கோல் பக்கத்திலிருந்து பந்தை உதைத்துத் தொடங்கும். கீப்பர் கையால் வீசியது நேராக எதிர்க் கோலுக்குள் போனாலும் அப்படியே. அவர் காலால் உதைத்து, மேல்காற்று தூக்கிக்கொண்டு போய் உள்ளே போட்டால் தாராளமாக கோல். அடித்தவன் கையில் தெரியாமல் பட்டு உடனே கோலாக்கினால் செல்லாது. கூட ஆடுகிறவன் கையில் தற்செயலாகப் பட்டு இவன் அடித்தால், 2021இல் மாறிய விதிப்படி, செல்லும். இதைச் சொன்னால் பழைய ஆட்டக்காரர்கள் நம்புவதே இல்லை.

அப்புறம் நாய். நம் மைதானங்களில் இது வேடிக்கைக் கேள்வி இல்லை. கோலுக்குள் போய்க்கொண்டிருக்கிற பந்து நாய் மேல் பட்டும் உள்ளே போய்விட்டால், தடுக்க வந்தவனுக்கு நாய் இடைஞ்சல் செய்யாத வரை கோல்தான். நாய் தடுத்துவிட்டால் கோல் இல்லை, டிராப் பால், அதாவது நான் பந்தைத் தரையில் போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்குவேன். என் மேல் பட்டு உள்ளே போனாலும் கோல் இல்லை!

விசில் விஷயத்தில் நாங்களும் கவனமாக இருக்க வேண்டும். பந்து முழுசாகத் தாண்டுமுன் கோல் என்று ஊதிவிட்டால், அது அடுத்த நொடியே உள்ளே உருண்டு போனாலும் கோல் கொடுக்க முடியாது, டிராப் பால்தான். அதனால் தாமதமாக ஊதினால் கோபப்படாதீர்கள்.

கேப்டனாக இருக்கிறவர்கள், சந்தேகம் இருந்தால் நடுவில் பந்து வைத்துத் தொடங்குமுன் வந்து மரியாதையாகக் கேளுங்கள், லைன்ஸ்மேனிடம் விசாரித்து மாற்ற வேண்டியது இருந்தால் மாற்றலாம். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், போனில் எடுத்த வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாலும் அந்தக் கோலை நான் தொட முடியாது.